புனோம்பென்னில் ஒன்பது நாட்கள்

"அங்க போய் என்னத்தைப் பிள்ளை சாப்பிடப்போறாய்?"

கம்போடியாவுக்குப் படிப்பிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா கேட்ட முதற் கேள்வி இதுதான். இரண்டாவது கேள்வி, "எப்ப திரும்பி வருவாய்?" மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. நான் இல்லாத நேரத்தில் அண்ணா வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது என்பதுதான் அது. 2009ஆம் ஆண்டிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருடைய மனதிலும் இருக்கிற, ஒருவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

நான் வேலை செய்த திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நிதி 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நின்றுபோனது. பெண் தலைமைத்துவக் குடும்பங்களோடு எட்டு ஒன்பது வருடம் வேலை செய்த அனுபவமும் ஒரு சமூகவியற் பட்டமும் கையில் இருந்தன, சம்பளம் இல்லை. அந்த நேரத்தில்தான் இந்த ஆறுமாத ஒப்பந்தம் வந்தது. கொம்பொங் சுனாங் என்ற மாகாணத்திலே வளர்ந்த பெண்களுக்கு ஆரம்ப ஆங்கிலமும், கிராமங்களில் தொண்டு செய்கிற பெண்களுக்கு உளவளத்துணையின் அடிப்படைகளும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னர் தலைநகரான புனோம்பென்னில் ஒரு வாரப் பயிற்சி. என்னுடைய ஆங்கிலத்தை நினைக்க எனக்கே பயமாக இருந்தது. சின்னம்மாவை அம்மாவோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன்.

2023 ஒக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விமானம் இறங்கியது. (நான் இறங்கிய அந்தப் பழைய விமான நிலையம் இப்போது பாவனையில் இல்லை. 2025 செப்டெம்பரில் நகருக்குத் தெற்கே புதிய ஒன்று திறந்துவிட்டார்கள்.) வெளியில் வந்தால் முகத்தில் அடித்த வெக்கை அப்படியே எங்களுடைய வெக்கைதான். என்னை ஏற்ற வந்து நின்றது ஓட்டோ! இந்தியாவில் செய்த அதே பஜாஜ் முச்சக்கர வண்டி. புதிய ஊரில் முதன்முதலில் ஏறி உட்கார்ந்த வாகனம் பழகிய வாகனமாக இருந்ததில் நெஞ்சுக்குள் ஒரு சின்னத் தைரியம் வந்தது. ஆனால் வண்டி வீதியின் வலப்பக்கத்தால் ஓடத் தொடங்கியதும் அந்தத் தைரியம் போய்விட்டது. அங்கே அதுதான் முறை. ஒவ்வொரு சந்தியிலும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல்நாளே காசில் தடுமாறினேன். அங்கே அமெரிக்க டொலரும் ஓடுகிறது, அவர்களுடைய ரியெலும் ஓடுகிறது. ஏறக்குறைய நாலாயிரம் ரியெல் ஒரு டொலர். தண்ணீர்ப் போத்தலுக்கு டொலர் கொடுத்தால் மிச்சம் ரியெலில் வரும். நான் நீட்டிய ஒரு தாளின் ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது என்று கடைக்காரப் பெண் திருப்பித் தந்துவிட்டாள். கிழிந்த டொலரை அங்கே யாரும் வாங்கமாட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கொழும்பில் எனக்கு அந்தத் தாளை மாற்றிக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கும் போல.

தங்கியது ஒரு மூதாட்டியின் வீட்டு மேல்மாடி அறையில். அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. பேத்தி பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், ஆங்கிலம் கதைப்பாள். நான் என் பெயரைச் சொன்னதும் மூதாட்டி கேட்டது வயதை. முப்பத்து நாலு என்றேன். "எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவேண்டாமா, அதற்குத்தான் கேட்கிறா" என்றாள் பேத்தி. கெமர் மொழியில் 'நீ', 'நீங்கள்' என்று சும்மா கூப்பிடுவதில்லை. தன்னைவிட மூத்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் 'போங்', இளையவர் 'ஊன்', அம்மாவின் வயதென்றால் 'மிங்', பாட்டியின் வயதென்றால் 'யேய்'. மரக்கறி விற்கிறவரையும் ஓட்டோ ஓட்டுகிறவரையும் இப்படி ஒரு உறவுமுறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். அக்கா, தம்பி, மாமி என்று வாழ்ந்த எனக்கு இதைப் பழக ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. பேத்திக்கு நான் போங். எனக்கு அந்த மூதாட்டி யேய்.

திங்கள் காலை மொழி வகுப்பு தொடங்கியது. எண்கள் சுவாரசியமானவை. முவோய், பீ, பெய், புவோன், பிராம் என்று ஐந்துவரைக்கும் தனித்தனிச் சொற்கள். ஆறுக்குச் சொல் இல்லை. 'பிராம் முவோய்', அதாவது ஐந்தோடு ஒன்று. ஒன்பது என்றால் ஐந்தோடு நாலு. ஒரு கை விரல் முடிந்ததும் மற்றக் கையைத் தொடுகிற மாதிரி. எழுத்தும் எனக்கு முழுக்க அந்நியமாக இருக்கவில்லை. கெமர் எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது. திகதி பொறித்த மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு கி.பி. 611ஆம் ஆண்டுக்குரியது. நெடுங்கணக்கும் எங்களுடைய ஒழுங்குதான். கவில் தொடங்கி ஙவில் முடிகிற வரிசை, சவில் தொடங்கி ஞவில் முடிகிற வரிசை. இதைக் கேட்டதும், "அப்ப எல்லாம் எங்கட ஆக்கள் குடுத்ததுதான்" என்று மார்தட்டத் தோன்றும். எனக்கு அதில் விருப்பமில்லை. ஆயிரத்து நானூறு வருடமாக அதைத் தங்கள் நாக்குக்கு ஏற்றமாதிரி வளைத்து, வைத்துக் காப்பாற்றியவர்கள் அவர்கள். ஆனாலும் ஆசிரியைக்கு அவர்கள் சொல்வது 'நெக் குரூ' என்று அறிந்தபோது சந்தோசமாகத்தான் இருந்தது. குரு! வகுப்பில் என்னை இனி அப்படித்தான் கூப்பிடப் போகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மாதிரிப் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். நான் இரவிரவாகத் தயாரித்த பாடம் 'என் குடும்பம்'. உன் தகப்பனின் பெயர் என்ன, உனக்கு எத்தனை சகோதரர் என்ற வழமையான கேள்விகள். எங்களைப் பயிற்றுவித்த கம்போடியப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்களுடைய வகுப்பில் ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுப் பெண்களும் இருப்பார்கள். முதல்நாளே தகப்பனின் பெயரைக் கேட்காதீர்கள்." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வன்னியில் எத்தனை பாடசாலைகளில், 'அப்பா என்ன வேலை' என்று எழுதச் சொன்னபோது பேனையை வைத்துவிட்டுக் குனிந்திருந்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆசிரியர்களோடு சண்டையும் பிடித்திருக்கிறேன். அதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து வந்திருக்கிறேன் பாருங்கள்.

பாடத்தை மாற்ற வேண்டும். சந்தையிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்து மறுநாள் கொப்பியும் பேனையுமாகப் போனேன்.

நடு நகரில் 1937இல் பிரெஞ்சுக்காரர் கட்டிய பெரிய சந்தை இருக்கிறது; மஞ்சள் நிறம், நடுவிலே பெரிய கூம்பு மண்டபம். அழகுதான். ஆனால் யேய் மரக்கறி வாங்குகிற சந்தை வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் நிலத்தில் விரித்த சந்தை. அங்கேதான் எனக்கு வேலை. விற்பவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள். தலையிலே 'குறமா' என்கிற கட்டம்போட்ட துணி. அந்த ஒரு துண்டு வெயிலுக்குத் தலைப்பாகை, வேர்வைக்குத் துவாய், பிள்ளைக்கு ஏணை, சாமானுக்குப் பொட்டலம். எங்கள் ஆச்சிமாரின் சேலைத் தலைப்புச் செய்த அத்தனை வேலையும் செய்கிறது.

கீரைக் கட்டுகளைப் பார்த்தேன்: கங்குன்! அங்கே 'திரகுவோன்'. உள்ளி போட்டு வதக்கித் தருகிறார்கள். அடுத்த பாயில் இடியப்பம் போன்ற வெள்ளைச் சிக்கு, 'நும் பன்சொக்'. மீனை வேகவைத்து மசித்து, தேசிப்புல் போட்டுக் காய்ச்சிய பச்சைக் குழம்பை அதன்மேல் ஊற்றிக் காலைச் சாப்பாடாகச் சாப்பிடுகிறார்கள். இரண்டு கோப்பை சாப்பிட்டேன். அம்மாவின் முதற் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. 'பிரஹொக்' என்கிற புளித்த மீன் கூழ் மட்டும் எனக்கு இன்றுவரை ஒத்துவரவில்லை. கருவாடு சாப்பிடுகிற எனக்கே அந்த மணம் தாங்கவில்லை.

பிறகுதான் அந்தக் குட்டான்களைக் கண்டேன். ஓலையில் கட்டிய வட்ட வட்டமான பனங்கட்டி. கையில் எடுத்து மணந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, பனைதான். கம்போடியாவின் தேசிய மரம் பனை என்பதை அதற்கு முன்னர் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அங்கே அதற்குப் பெயர் 'துனோட்'. பதநீரைக் காய்ச்சிப் பனஞ்சீனி செய்கிறார்கள். கொம்பொங் சுபூ மாகாணத்துப் பனஞ்சீனிக்கு 2010இலேயே புவிசார் குறியீடு என்ற சட்டப் பாதுகாப்புப் பெற்றுவிட்டார்கள். அதாவது வேறு இடத்துச் சீனியில் அந்தப் பெயரை ஒட்டி விற்க முடியாது. இதைக் கேட்டபோது எங்கள் பனங்கட்டி கச்சான் கடையோரத்தில் பெயரில்லாமல் விலைப்படுவது நினைவுக்கு வந்து கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. விற்ற பெண்ணிடம் கைச்சாடையில் எங்கள் ஊரிலும் இது உண்டு என்று சொல்லப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டு ஒரு துண்டு உடைத்துத் தந்தாள். காசு வாங்கவில்லை.

அன்று பின்னேரம் மழை. ஒழுங்கை முழுக்க முழங்காலளவு தண்ணீர். வீதியில் பெரிய லொறிகள் திறந்த பின்பக்கத்தில் பெண்களை நிறைத்துக்கொண்டு போயின; அத்தனை பேரும் நின்றபடி, ஒருவரை ஒருவர் பிடித்தபடி. ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து வீடு திரும்புகிறவர்கள். அந்த வருடம் அவர்களுடைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 200 டொலர். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் விடியற்காலையில் பஸ்சுக்கு நிற்கிற எங்கள் பிள்ளைகளின் அதே முகங்கள்.

வியாழக்கிழமை துவொல் சிலெங் போனோம். போகாமல் விடலாமா என்று யோசித்தேன். ஆனால் இங்கே படிப்பிக்க வந்தவள் அதைப் பார்க்காமல் போவது சரியில்லை என்று பட்டது, ஏனென்றால் அது முன்னர் ஒரு பாடசாலை. 1975 ஏப்ரல் 17இல் கெமர் ரூஜ் படைகள் புனோம்பென்னைப் பிடித்தன. அமெரிக்கா குண்டுபோடப் போகிறது, சில நாட்களுக்கு வெளியேறுங்கள் என்று சொல்லி ஏறக்குறைய இருபது லட்சம் பேரை நகரத்திலிருந்து நடத்திக் கொண்டுபோனார்கள். வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தவர்களையும் விடவில்லை. 1979 ஜனவரி 7இல் அந்த ஆட்சி விழும்வரை பசியாலும் நோயாலும் கொலையாலும் இறந்தவர்கள் பதினைந்து லட்சத்துக்கும் இருபது லட்சத்துக்கும் இடையில் என்று கணக்கிடுகிறார்கள். அந்த உயர்தரப் பாடசாலை 'எஸ்-21' என்ற சிறைச்சாலையானது. பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதற்குள் கொண்டுபோகப்பட்டார்கள். உயிரோடு மிஞ்சியவர்கள் மிகச் சிலர்.

நாலு கட்டடங்கள், மூன்று மாடி, நீளமான விறாந்தை. எந்தப் பாடசாலையும் இப்படித்தான் இருக்கும். பிள்ளைகள் உடற்பயிற்சி செய்த மரச்சட்டத்தில் மனிதரைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு கட்டடத்தின் விறாந்தை முழுக்க முட்கம்பி. கைதிகள் குதித்துச் செத்துவிடக் கூடாது என்பதற்காக. உள்ளே சுவர் சுவராகப் புகைப்படங்கள். கொல்லக் கொண்டுவந்தவர்களை முதலில் படமெடுத்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு இருக்கிற தாயின் படமும் இருக்கிறது. வரிசையாக இருக்கிற முகங்களைப் பார்த்துக்கொண்டு போகும்போது என்னை அறியாமலே நான் தேடத் தொடங்கியிருந்தேன். இங்கே எனக்குத் தெரிந்த முகம் இருக்க வழியே இல்லை. ஆனாலும் படங்கள் வரிசையாக இருந்தால் என் கண்கள் அப்படித்தான் போகும். வாசிக்கிற உங்களில் பலருக்கு இது விளங்கும். மூன்றாவது அறையோடு நான் வெளியில் வந்து மரத்தடியில் இருந்துவிட்டேன்.

இந்த இடம் 1980இல் நூதனசாலையாகி, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. விசாரணைதான் மெல்ல நடந்தது. சிறைப் பொறுப்பாளருக்குத் தீர்ப்பு 2010இல். மிஞ்சியிருந்த மூத்த தலைவர்கள் இருவருக்கு 2018 நவம்பரில். அந்த இரண்டாவது தீர்ப்பில் எங்களுக்கு, அதாவது பெண்களுக்கு, முக்கியமான ஒன்று உண்டு. அந்த ஆட்சியில் முன்பின் தெரியாத ஆணையும் பெண்ணையும் வரிசையில் நிறுத்திக் கட்டாயக் கலியாணம் செய்துவைத்தார்கள். அதுவும், அந்தக் கலியாணத்துக்குள் நடந்த வன்புணர்வும் மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று தீர்ப்பாயம் சொன்னது. நாற்பது வருடம் கழித்துத்தான். அந்தப் பெண்கள் நீதிமன்றத்துக்கு வந்து வாய்திறந்து சொன்னதால்தான்.

வெள்ளிக்கிழமை நகரம் வெறிச்சோடிப் போனது. 'பிச்சும் பென்' விடுமுறை. எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். பிச்சும் என்றால் கூடுவது. பென் என்றால்? 'பிண்டம்' என்ற சொல்தான் தேய்ந்து பென் ஆகியிருக்கிறது. எங்களுடைய மகாளயபட்சம் விழுகிற அதே தேய்பிறைப் பதினைந்து நாட்கள். இந்த நாட்களில் இறந்தவர்கள் பசியோடு வந்து தங்கள் உறவுகளைத் தேடி ஏழு விகாரைகளுக்கு அலைவார்களாம். ஒன்றிலும் தங்களுக்கென்று சோறு வைக்காவிட்டால் மனம் நொந்து போவார்களாம்.

"நாளைக்கு விடிய மூன்றரைக்கு எழும்புவாயா?" என்று யேய் கேட்டார்.

இருட்டோடு போனோம். விகாரையில் முந்நூறு நானூறு பேர், கூடுதலாகப் பெண்கள். தட்டுகளில் எள்ளுக் கலந்து உருட்டிய சோற்றுருண்டைகள், ஊதுபத்தி, மெழுகுதிரி. விகாரையை மூன்று தரம் சுற்றி அந்த உருண்டைகளை இருட்டுக்குள் எறிகிறார்கள். வெளிச்சம் வருவதற்குள் முடிக்க வேண்டும். வெளிச்சம் கண்டால் ஆவிகள் ஓடிவிடும்.

யேய் 1975இல் இருபத்து மூன்று வயதுப் பெண். கணவரும் இரண்டு தம்பிமாரும் வெவ்வேறு வேலை முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். "நாளும் தெரியாது, இடமும் தெரியாது" என்றார், பேத்தி மொழிபெயர்த்தாள். "அதனால்தான் பதினைந்து நாளும் வருகிறேன். முன்பு ஏழு விகாரைக்கும் போவேன். இப்போது முழங்கால் விடுகுதில்லை. இங்கே வந்து தேடிக்கொள்ளட்டும்."

பிறகு என்னிடம் ஒரு உருண்டையை நீட்டி, "உனக்கு யார்?" என்று கேட்டார்.

நான் வாங்கவில்லை. அம்மா இன்றுவரை அண்ணாவுக்கு ஒரு விளக்கு வைத்ததில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு தருகிறோம் என்று வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் போராட்டத்தில் படத்தோடு போய் இருந்தவர். நான் இங்கே நின்று பிண்டம் போட்டால் அது என்ன கணக்கு?

"அண்ணா" என்றேன். "செத்துவிட்டானா தெரியாது."

யேய் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு உருண்டையை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். "தெரியாவிட்டால் பெயர் சொல்லாதே. வீட்டில் சோறு வைக்க ஆளில்லாமல் பசியோடு வருகிற யாருக்காவது என்று போடு. அப்படிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்."

போட்டேன். அது எங்கே விழுந்தது என்று இருட்டில் தெரியவில்லை.

இதை அம்மாவுக்குச் சொல்வதா விடுவதா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். இரவு தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மறுமுனையில் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"பேர் சொன்னனியோ?"

"இல்லையம்மா."

"அப்ப சரி." பிறகு இன்னும் கொஞ்சம் பொறுத்து, "அந்த மனிசிக்கு என்ன வயசு எண்டு சொன்னனி?"

"எழுபத்தொண்டு."

"என்னைவிட நாலு வயசு கூட" என்றார் அம்மா. வேறொன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பஸ். யேய் வாழையிலையில் சுற்றிய அன்சொம் என்கிற ஒட்டரிசிப் பலகாரம் ஆறு கட்டித் தந்தார், வாழைப்பழம் உள்ளே வைத்தது. "பிராம் முவோய்" என்று எண்ணிக் காட்டினேன். சிரித்தார். நகரத்தைத் தாண்டி ஐந்தாம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறியதும் இரண்டு பக்கமும் வயலும் வெள்ளமும். வரம்பு வரம்பாகப் பனை. ஒரு பனையில் மூங்கிலை நீளத்துக்குக் கட்டி, அதன் கணுக்களில் கால்வைத்து ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்; இடுப்பில் மூங்கிற் குழாய்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்து சின்னம்மாவின் இலக்கத்துக்கு அனுப்பினேன்.

கொம்பொங் சுனாங்கில் இறங்குவதற்கு முன்னரே பதில் வந்துவிட்டது. அம்மா சொல்லச் சொல்லச் சின்னம்மா எழுதியது: "தளைநார் இல்லாமல் ஏறுறாங்களோ? விழமாட்டாங்களோ எண்டு கேட்டுச் சொல்லட்டாம்."